சிறைக் கையேட்டைப் புரட்டிய நிருபர்: ஒரு குமாஸ்தாவின் மதிப்புரை

கும்பகோணத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் வக்கீல் குமாஸ்தாவாக நகல் மனு எழுதியும் பழைய கட்டுகளைப் புரட்டியும் பழகியவன் என்பதால், எந்தச் செய்தியைப் படித்தாலும் அதற்கான காகிதம் எங்கே என்று தேடுவது எனக்குக் கைவந்த பழக்கம். அந்தத் தேடலுக்கு ஈடுகொடுத்தவை, தி வயர் இணைய இதழில் சுகன்யா சாந்தா சிறைகளைப் பற்றி எழுதிய கட்டுரைகள். கட்டணமின்றிப் படிக்கலாம், கைபேசியிலும் சிரமமில்லை.

டிசம்பர் 2020இல் வந்த கட்டுரையிலிருந்து தொடங்குவது நல்லது. ராஜஸ்தானின் ஆல்வார் சிறைக்கு 2016இல் கொண்டுவரப்பட்ட, அப்போதுதான் 18 வயதை எட்டியிருந்த ஓர் இளைஞரிடம் காவலர் முதலில் குற்றத்தைக் கேட்கிறார். அடுத்து சாதியைக் கேட்கிறார். மின்வேலை தெரிந்த அந்த இளைஞர் சில நாட்களில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்படுகிறார். வேறொருவராக இருந்தால் இந்த அவலத்தை உருக்கமாக எழுதி முடித்திருப்பார். சுகன்யா சாந்தாவோ, சிறையை நடத்துவதற்கான மாநில விதித்தொகுப்பான சிறைக் கையேட்டை எடுத்து வைத்து, அங்கே நடந்தது அத்துமீறல் அல்ல, விதியே அதுதான் என்று காட்டுகிறார். பிராமணரோ போதிய அளவு உயர்ந்த சாதி இந்துவோதான் சமையலுக்குத் தகுதியானவர் என்று ராஜஸ்தான் விதி எழுத்தில் வைத்திருந்தது. மேற்கு வங்க விதியும் 'தகுந்த சாதி'யைச் சேர்ந்த கைதியே சோறு சமைத்து எடுத்துச் செல்ல வேண்டும் என்றது. சாட்சியின் வாய்மொழிக்குப் பக்கத்தில் விதியின் வாசகத்தை வைப்பது எங்கள் தொழிலில் அன்றாட வேலை. செய்தித்தாள்களில் அரிதாகவே காணக் கிடைப்பது.

பலனும் உடனே கிடைத்தது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தது. மறு ஆண்டே அங்கு விதிகள் திருத்தப்பட்டன. மற்ற மாநிலங்களுக்காக சுகன்யா சாந்தாவே உச்ச நீதிமன்றத்தில் மனுதாரரானார். 2024 அக்டோபர் 3 அன்று அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு, சாதி அடிப்படையில் வேலை பிரிக்கும் விதிகளைச் செல்லாதவை என அறிவித்து, பதிவேடுகளில் சாதிக் கட்டத்தை நீக்கவும், மூன்று மாதங்களுக்குள் கையேடுகளைத் திருத்தவும் உத்தரவிட்டது.

நம் பக்கத்து வாசகர் நிறுத்திப் படிக்க வேண்டிய பகுதி, ஒரு காலத்தில் குற்றப் பரம்பரையினர் என்று முத்திரை குத்தப்பட்ட சீர்மரபினரைப் பற்றியது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் ஒழிந்த பிறகும், சில சமூகங்களைப் பிறவியிலேயே வழக்கமான குற்றவாளிகளாகக் கருதும் சொற்கள் சிறைக் கையேடுகளில் அப்படியே தங்கியிருந்தன. தீர்ப்பு அதையும் தொட்டிருக்கிறது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் கந்தர்வக்கோட்டைக் கள்ளர் சீர்மரபினர் பட்டியலில் இருப்பவர்கள். அந்தச் சான்றிதழுக்காகப் பிள்ளைகளோடு தாலுகா அலுவலகத்தில் காத்திருக்கும் பெற்றோருக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்தவன் நான். கல்லூரியில் சலுகை பெற்றுத்தரும் அதே அடையாளம், சிறை வாசலில் வேறு கணக்கில் எழுதப்பட்டிருக்கக்கூடும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

குறைகளும் உண்டு. சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்த பாளையங்கோட்டைச் சிறை, தமிழகத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகவே பேசப்படுகிறது. டெல்டாவிலிருந்து தண்டனைக் கைதிகள் போகும் திருச்சி மத்திய சிறையைப் பற்றியும் இதே பொறுமையோடு ஒருவர் எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் படித்த ஆங்கிலக் கட்டுரைகள் நீளமானவை, சட்டச் சொற்கள் மிகுந்தவை. கைதியின் குடும்பத்தாருக்கு யாராவது வாசித்துச் சொன்னால்தான் போய்ச் சேரும். முதல் கட்டுரையின் தலைப்பில் 'மனு' என்று இருப்பதை அலுவலகத்துக்கு வந்த ஒரு அம்மாளிடம் சொன்னபோது, "மனு போட்டுப் பார்க்கிறதைப் பத்தியாங்க?" என்று கேட்டார். சிறை வாசலில் காத்திருப்பவர்களுக்கு மனு என்றால் பிள்ளையைப் பார்க்கும் அரைமணி நேரம்தான். ஸ்மிருதி எழுதிய மனுவை அவருக்குத் தெரியாது.

ஐந்துக்கு நான்கு தருவேன். முதலில் 2020 கட்டுரையைப் படித்துவிட்டு, தீர்ப்பின் கடைசிப் பக்கங்களில் உள்ள உத்தரவுகளுக்குப் போங்கள். இடையிலுள்ள வரலாற்றுப் பகுதியை ஓய்வாக வாசிக்கலாம். தீர்ப்பு மொத்தம் 148 பக்கம். இருபுறமும் அச்செடுத்தால் 74 தாள்தான் ஆகும். நான் ஸ்பைரல் போட்டு வைத்திருந்த பிரதியை எங்கள் சீனியர் வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திரும்பி வரவில்லை.