நான்கு இங்கிலாந்து மைனர்கள்: திருந்தியது யார், செலவு யாருடையது?

"அக்கா, கெட்டுப்போன பிரபு காதலில் விழுந்து நல்லவனாகும் கதைகளில் ஒன்றே ஒன்றைப் படிக்க வேண்டுமென்றால் எதைப் படிக்கட்டும்?" என்று சித்தி மகள் போன மாதம் கேட்டாள். அவள் தொலைக்காட்சித் தொடர் பார்த்து இந்தப் பக்கம் வந்தவள். நான் பள்ளி நாட்களில் வாடகை நூலகத்தில் தொடங்கியவள். அங்கிருந்த பிரதிகளில் பாதிக்குக் கடைசிப் பக்கங்கள் இருக்காது. பிரபு திருந்தினானா இல்லையா என்று தெரியாமலே சில கதைகளோடு பல ஆண்டுகள் காலம் தள்ளியிருக்கிறேன்.

இந்த வகைக் கதாநாயகனுக்கு ஆங்கிலத்தில் ரேக் என்று பெயர். குடி, சூது, அடுத்தவன் மனைவி, கடன் எல்லாம் இருக்கும். கூடவே பட்டமும் எஸ்டேட்டும் இருக்கும். நமக்கு அகராதி வேண்டாம். மைனர் என்று சொன்னால் போதும், பட்டு ஜிப்பாவும் தங்கச் சங்கிலியும் கண்முன் வந்துவிடும். திருந்திய மைனரைப் போல நல்ல கணவன் கிடையாது என்ற நம்பிக்கை பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பரவலாக இருந்தது. அது ஆபத்தான நம்பிக்கை என்று சாமுவேல் ரிச்சர்ட்சன் 1748இல் வெளிவந்த 'கிளாரிஸா' நாவலின் முன்னுரையிலேயே எச்சரித்தார். அவருடைய நாயகி அந்த மைனரை மணக்க மறுத்து இறந்தே போகிறாள். வாசகர்கள் எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு இரண்டரை நூற்றாண்டுகளாக மைனரைக் கல்யாணம் செய்துவைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இத்தகைய நாவல்களில் எனக்கு அளவுகோல் ஒன்றுதான்: அவன் கெட்டு அலைந்ததற்கான பில் யாரிடம் வந்து சேர்கிறது?

அந்தக் காலத்துச் சட்டம் தெரிந்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். மணமானதும் மனைவியின் கையிருப்பும் சம்பாத்தியமும் கணவனுக்குப் போய்விடும். 1870, 1882 ஆண்டுகளின் சொத்துச் சட்டங்கள் வந்த பிறகுதான் அது மாறியது. மறுமணம் செய்துகொள்ளும் உரிமையோடு விவாகரத்து வேண்டுமென்றால் 1857ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும். அப்படி விவாகரத்துப் பெற்ற பெண்கள் மொத்தம் நான்கே பேர். ஆகவே சூதாடியைக் கட்டிக்கொள்வது என்பது மனம் உடையும் ஆபத்து மட்டுமாக இருக்கவில்லை. தலைக்கு மேலிருக்கும் கூரையையும் பணயம் வைப்பதாக இருந்தது.

முதலில் லொரெட்டா சேஸ் எழுதிய 'லார்ட் ஆஃப் ஸ்கௌண்ட்ரல்ஸ்'. 1995இல் வந்தது, மறு ஆண்டு அமெரிக்கக் காதல் எழுத்தாளர் சங்கத்தின் ரீட்டா விருதைப் பெற்றது. கதை 1828இல் பாரிசில் தொடங்குகிறது. டெய்ன் பிரபு ஆறடிக்கு மேல் உயரம், இத்தாலியத் தாயிடமிருந்து வந்த பெரிய மூக்கு, அதைவிடப் பெரிய வாய். அவனுடைய கூட்டத்தில் சேர்ந்து சீரழியும் தம்பியை மீட்க ஜெசிகா வருகிறாள். ஒரு காப்பிக்கடையில் அவளது கையுறையின் முத்துப் பொத்தான்களை அவன் ஒவ்வொன்றாகக் கழற்றுகிறான். கழற்றப்படுவது கையுறை மட்டும்தான். ஆனாலும் முழுப் படுக்கையறை எழுதும் பலருக்கு வராத சூடு அந்தப் பக்கங்களில் இருக்கிறது.

பிறகு ஒரு விருந்தில், தோட்டத்தில் இருவரும் கையும் களவுமாகப் பிடிபடுகிறார்கள். அவன் அவள் மானத்தைக் காற்றில் விட்டுவிட்டு நடந்து போய்விடுகிறான். வழக்கமான நாயகியாக இருந்தால் அழுவாள். இவள் துப்பாக்கியோடு போய் அவனைச் சுட்டுவிட்டு, அடுத்து வக்கீலை அனுப்புகிறாள். எனக்குப் பிடித்த இடம் துப்பாக்கியைவிட அந்த வக்கீல்தான். அந்தச் சட்டத்தின் காலத்தில் பெண்ணுக்கு உண்மையான பாதுகாப்பு, கல்யாணத்துக்கு முன்பே எழுதி வாங்கும் ஒப்பந்தம்தான் என்பதை இந்த நாவல் மறக்கவில்லை. பில்லை அவள் அவன் மேசையிலேயே வைத்துவிடுகிறாள்.

குறை என்று சொன்னால் அவன் புண். எட்டு வயதில் தாய் ஓடிப்போகிறாள், தந்தை அவனை ஈட்டன் பள்ளிக்குத் துரத்துகிறார், அங்கே மூக்கைக் காட்டிக் கேலி. முன்கதையிலேயே இதையெல்லாம் சொல்லிவிடுவதால் அவன் என்ன செய்தாலும் நமக்கு இரக்கம் முந்திக்கொள்கிறது. இது ஆசிரியரின் கெட்டிக்காரத்தனம். கொஞ்சம் ஏமாற்று வேலையும்கூட. ஆனால் டார்ட்மூர் பகுதியில் அவனுக்குப் பிறந்து, அவன் கண்டுகொள்ளாமல் விட்ட பிள்ளை ஒருவன் இருக்கிறான். தன் தந்தை தனக்குச் செய்ததையே அவனும் அந்தப் பிள்ளைக்குச் செய்திருக்கிறான். அங்கே ஏமாற்று எதுவும் இல்லை. கணக்கை நேர் செய்தே ஆக வேண்டும் என்று ஜெசிகா நிற்கிறாள்.

ஜூலியா க்வின் 2000இல் எழுதிய 'த டியூக் அண்ட் ஐ'யைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. 2020 இறுதியில் நெட்ஃபிளிக்ஸ் தொடராக வந்து ஊரறிந்த கதை அது. நாயகன் சைமனுக்குச் சிறுவயதில் திக்குவாய். அதற்காகவே தந்தை அவனை ஒதுக்குகிறார். வஞ்சம் தீர்க்க வம்சத்தையே நிறுத்துவேன் என்று அவன் சபதம் செய்கிறான். நடையில் வெண்ணெய் வழுக்கும், நாயகி டாஃப்னியின் அண்ணன் தம்பிகள் பேசும் இடங்களில் வாய்விட்டுச் சிரிக்கலாம். சிக்கல் நடுவில் வருகிறது. பிள்ளை பெற 'முடியாது' என்று அவன் சொன்னது உண்மையில் 'மாட்டேன்' என்பது தெரிந்த பிறகு, அவன் குடித்துத் தன்னிலை இழந்திருக்கும் இரவில், அவன் விருப்பத்துக்கு மாறாக டாஃப்னி தன் எண்ணத்தை நிறைவேற்றிக்கொள்கிறாள். தொடரில் குடியை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் சர்ச்சை ஓயவில்லை. பொய் சொன்னவனுக்கு இதுதான் தண்டனை என்று நாவல் நினைக்கிறதா, இதைத் தவறு என்றே நினைக்கவில்லையா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. பில் இருக்கிறது, யார் பெயரில் என்று எழுதவில்லை.

போகிற போக்கில் ஒன்று. இந்த நாவல்களின் லண்டனில் தடுக்கி விழுந்தால் ஒரு டியூக் மேல்தான், அதாவது பிரபுக்களிலேயே உச்சப் பட்டக்காரர் மேல்தான், விழ வேண்டும். நிஜத்தில் அந்தக் காலத்தில் அரச குடும்பம் சாராத டியூக்குகள் முப்பது பேருக்கும் குறைவு. அதில் கிழவர்களையும் மணமானவர்களையும் கழித்தால் பெண் கொடுக்க எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நீங்களே பாருங்கள்.

லாரா கின்சேலின் 'ஃப்ளவர்ஸ் ஃப்ரம் த ஸ்டார்ம்' வேறு சாதிப் புத்தகம். 1992இல் வந்தது. ஜெர்வோ டியூக் கணிதமேதை. அதே கையோடு பிறர் மனைவியோடு தொடர்பு. கணவன் சண்டைக்கு அழைக்கிறான். விடியற்காலையில் துப்பாக்கியோடு நிற்கும்போதே டியூக்கின் மூளைக்குள் ஏதோ அறுபடுகிறது. அவன் வாயிலிருந்து சொற்கள் போய்விடுகின்றன. கதை நடப்பது 1827. பேச்சிழப்பை மூளையின் ஒரு பகுதியோடு பொருத்தி பிரான்சில் பால் புரோகா விளக்கியது 1861இல். ஆகவே அவனுக்கு வந்திருப்பது பக்கவாதம் என்று சொல்ல அங்கே ஆளில்லை. பித்துப் பிடித்துவிட்டது என்று குடும்பம் அவனை ஒரு மனநோயர் விடுதியில் பூட்டிவைக்கிறது. சொத்தை நிர்வகிக்கத் தகுதியற்றவன் என்று நீதிமன்றத்தில் நிறுவப் பார்க்கிறது.

அந்த அத்தியாயங்களை அவன் காதுவழியாகவே எழுதியிருக்கிறார் கின்சேல். எதிரில் இருப்பவர்கள் பேசுவது அவனுக்கு எப்படிச் சிதைந்து கேட்கிறதோ அப்படியே எழுத்தும் சிதைந்து வருகிறது. நான் முதல் முறை படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்து அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு எரிச்சல் வந்தது. அவனுக்கு வந்த எரிச்சலும் அதுதான் என்று பிறகுதான் உறைத்தது.

விடுதியில் அவனைக் கண்டுகொள்பவள் மேடி. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண், அவளுடைய பார்வையிழந்த தந்தை அவனோடு சேர்ந்து கணித ஆய்வு செய்தவர். குவேக்கர்கள் பட்டம் சொல்லி யாரையும் அழைப்பதில்லை, யார் முன்னும் தொப்பியைக் கழற்றுவதில்லை, அரசனானாலும் ஆண்டியானாலும் ஒருமையில்தான் பேசுவார்கள். அந்த ஒருமை இன்றைய ஆங்கில வாசகருக்கு ஏதோ வேதாகம வாசனையாகத்தான் படும், ஏனென்றால் அவர்கள் மொழியில் அது வழக்கொழிந்துவிட்டது. நமக்கு அந்தச் சிரமமே இல்லை. சேவகர்கள் எல்லோரும் 'தாங்கள்' என்று குனிந்து நிற்கும் வீட்டில் ஒரு பெண் நிமிர்ந்து டியூக்கைப் பார்த்து 'நீ' என்கிறாள். இதைத் தமிழில் மொழிபெயர்த்தால் மூலத்தில் இல்லாத அறை ஒன்று கூடுதலாக விழும்.

இங்கே பில் முதலில் அவன் உடம்புக்கே வருகிறது. ஆனால் விடுதிக்குத் திரும்பிப் போகாமலிருக்க அவளைக் கல்யாணம் செய்துகொள்ளும்போது, தன் பயத்தின் விலையை அவள் தலையிலும் கட்டுகிறான். வெளியாளை மணந்தவரை குவேக்கர் சபை விலக்கிவைக்கும். அந்த வழக்கம் அந்த நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நிஜமாகவே இருந்தது. அவளுக்கு அது சாதி விலக்குக்குச் சமம். அவன் நோயால் பரிதாபத்துக்குரியவன், அதற்காக நல்லவனாகிவிடவில்லை. ஆணவம், தந்திரம், பொய் எல்லாம் சொற்களைப் போலவே ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. இந்த நால்வரில் இவ்வளவு நேர்மையாக எழுதப்பட்ட மனிதன் வேறு இல்லை. ஆனால் முதல் புத்தகமாக இதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். நீண்ட நாவல், நடுவில் மூச்சு முட்டும். சிரிக்க வாய்ப்பு மிகக் குறைவு.

மீதியிருப்பது ஜார்ஜெட் ஹேயர் 1958இல் எழுதிய 'வெனிஷியா'. நான் வாடகை நூலகத்தில் எடுத்த பிரதிக்குக் கடைசிப் பக்கங்கள் இல்லை என்று சொன்னேனே, அதில் இதுவும் ஒன்று. யார்க்ஷயரில் இருபத்தைந்து வயதுவரை ஊர் தாண்டாத வெனிஷியா. பக்கத்து எஸ்டேட்டுக்கு ஊர் முழுக்கக் கெட்ட பெயரெடுத்த டாமரல் பிரபு வந்து சேர்கிறான். இளவயதில் மணமான ஒருத்தியை இழுத்துக்கொண்டு ஓடியவன். அவன் நிலத்தில் காட்டுப் பழம் பறித்துக்கொண்டிருக்கும் அவளை ஊர்ப் பெண் என்று நினைத்து முத்தமிட்டுவிடுகிறான். அவள் கோபத்தோடு மேற்கோள் ஒன்றை எடுத்து வீச, அவன் அதை இனங்கண்டு பதில் சொல்ல, அங்கேயே கதை முடிந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். மற்ற மூன்று ஜோடிகளும் ஒருவரையொருவர் தேற்றுகிறார்கள், அடக்குகிறார்கள், காப்பாற்றுகிறார்கள். இவர்கள் பேசுகிறார்கள். ஒருவர் நகைச்சுவைக்கு மற்றவர் சரியான இடத்தில் சிரிக்கிறார். படுக்கையறைக் கதவு கடைசிவரை சாத்தியேதான் இருக்கிறது. அது வேண்டுமென்பவர்கள் சேஸிடம் போகலாம். ஹேயரின் அந்தக் காலத்துப் பேச்சுவழக்கு முதல் ஐம்பது பக்கங்களுக்குக் கல் போல இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நால்வரில் பில் வருவதை முன்கூட்டியே பார்க்கிறவன் டாமரல் ஒருவன்தான். தன்னைக் கட்டிக்கொண்டால் ஊர் அவள் முகத்தில் கதவைச் சாத்தும் என்று தெரிந்து, அவளை விட்டுக்கொடுத்து லண்டனுக்குப் போகவிடுகிறான். என் பிரதி, செத்துப்போனதாக நினைத்திருந்த தாய் உயிரோடு இருப்பதை லண்டனில் வெனிஷியா அறிந்துகொள்ளும் இடத்தோடு முடிந்துவிட்டது. பத்தாண்டுகள், எவ்வளவு பெரிய தியாகம் என்று அவனை மெச்சிக்கொண்டிருந்தேன்.

முழுப் பிரதி கிடைத்த பிறகு பார்த்தால், வெனிஷியாவுக்கு அந்தத் தியாகத்தின் மேல் மரியாதையே இல்லை. தன் வாழ்க்கையைப் பற்றித் தன்னிடம் கேட்காமல் முடிவெடுத்தவன் மேல் அவளுக்குக் கோபம். தாய் கணவனை விட்டு ஓடி விவாகரத்தானவள். அந்த அவப்பெயரையே துருப்புச் சீட்டாக வைத்து விளையாடுகிறாள். தன் பெயர் இப்படியும் கெடத்தான் போகிறது, பிறகென்ன என்று யார்க்ஷயருக்கு வந்து நிற்கிறாள். அவன் குடித்துவிட்டுக் கிடக்கிறான். திருந்துகிறேன் என்று அவனிடம் அவள் சத்தியம் வாங்கவில்லை. உன் பழக்கங்களையெல்லாம் மாற்றச் சொல்வது நியாயமில்லை என்று கேலியாகச் சொல்கிறாள். செலவில் தன் பங்கைத் தானே கணக்கிட்டு எடுத்துக்கொள்கிறாள். ரிச்சர்ட்சன் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

சித்தி மகளுக்கு அதைத்தான் கொடுத்தேன். கொடுக்கும் முன் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொண்டேன்.