கறுப்புப் பெட்டியா, செயற்கைக்கோள் கண்காணிப்பா?

2017-இல் ஓகி புயல் வந்தபோது குமரி மாவட்டத்து நீரோடி, வள்ளவிளை மீன்பிடி படகுகள் பலவற்றில் ஜிபிஎஸ் இருந்தது. ஆனால் அது படகில் இருந்தவருக்குத்தான் இடம் சொன்னது, கரைக்குச் சொல்லவில்லை. விமானத்தின் பதிவுக் கருவியான கறுப்புப் பெட்டியும் (நிறம் என்னவோ ஆரஞ்சு) அப்படித்தான். எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டு, விமானத்தோடு தானும் மூழ்கும். அதனுடன் உள்ள, தண்ணீருக்குள் ஒலி எழுப்பும் கருவி முன்பு 30 நாள் உழைத்தது, இப்போது 90 நாள். சில கிலோமீட்டர் தள்ளிப்போனாலே கேட்காது. 2009-இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-இன் பெட்டிகள் 2011-இல்தான் கிடைத்தன, சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில். தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32, 29 பேருடன் 2016-இல் மறைந்தது. கடலடியில் சிதைவுகள் தென்பட்ட செய்தி வர 2024 ஆகிவிட்டது.

செயற்கைக்கோள் கண்காணிப்பு பறக்கும்போதே இடத்தைச் சொல்லிவிடும். 2014-இல் மலேசிய விமானம் எம்எச்370 மறைந்த பிறகு வந்த விதிப்படி, பெரிய விமானங்கள் கடல்மேல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் தெரிவிக்க வேண்டும். அதற்குள் ஒரு ஜெட் 200 கிலோமீட்டர் போய்விடுமே! அதனால் புதிய விமானங்களுக்கு, ஆபத்து நேர்ந்தால் நிமிடத்துக்கு ஒருமுறை தானே சொல்லும் ஏற்பாடும் வந்திருக்கிறது.

தேடுவதற்கு எது என்றால் கண்காணிப்புதான், சந்தேகமில்லை. சரி, ஏன் விழுந்தது? அதற்குப் பெட்டிதான் வேண்டும். வேகம் அளக்கும் குழாய்களைப் பனி அடைத்ததும், அதன்பின் விமானிகள் திணறியதும் 447-இன் பெட்டிகளைக் கேட்ட பிறகுதான் உறுதியாயின.