நாலு மணிக்கே இருட்டும் லண்டனுக்கு ஒரு டைமர் பிளக்

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் லண்டனில் சாயங்காலமே இல்லாமல் போய்விடும், டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது, நாம் வேலை முடிந்து வருவதற்குள் எந்த வீட்டில் ஆள் இல்லை என்பது தெருவில் போகிற யாருக்கும் தெரிந்துவிடும். நம்மவர் வீட்டில் தங்க நகை இருக்கும் என்றே திருட வருகிறார்கள். அதற்காகத்தான், நாம் வைத்த நேரத்தில் விளக்கைத் தானாக எரியவைத்து அணைக்கும் இந்த டிஜிட்டல் டைமர் பிளக்கை வாங்கினேன்.

சுவர் சாக்கெட்டில் இதைச் செருகி, இதில் டேபிள் லேம்பைச் செருக வேண்டும். லேம்பின் சுவிட்ச் ஆன் நிலையிலேயே இருக்கட்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது ரேண்டம் வசதி. தினமும் ஒரே நிமிடத்தில் எரியாமல் கொஞ்சம் முன்னே பின்னே எரிகிறது, அதனால் நோட்டம் விடுகிறவனுக்கு இது மெஷின் என்று எளிதில் பிடிபடாது. வட்டைச் சுற்றி நேரம் வைக்கும் பழைய வகை மலிவுதான், ஆனால் கரண்ட் போனால் அதன் நேரமும் நின்றுவிடும். குறை என்றால், பட்டன்கள் ரொம்பப் பொடிசு. திரைச்சீலையை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் ஆளில்லாத அறையை நாமே வெளிச்சம் போட்டுக் காட்டுவதாகிவிடும்.

அப்புறம், விளக்கு மட்டும் போதாது. யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) கதவு என்றால் பூட்டின் சிலிண்டரை, அதாவது சாவி நுழையும் பகுதியைப் பாருங்கள், சாதாரண யூரோ சிலிண்டரை நடுவில் உடைத்துச் சீக்கிரமே திறந்துவிடுவார்கள். TS 007 என்ற பிரிட்டிஷ் பாதுகாப்புத் தர முத்திரையும் 3 நட்சத்திரமும் பொறித்த சிலிண்டராக மாற்றுங்கள். கைப்பிடியை மேலே தூக்கிச் சாவியைத் திருப்பினால்தான் முழுப் பூட்டும் விழும், இதை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.