பிபி மெஷின்: எண் சரி, பச்சைக் கோடுதான் சரியில்லை

மேல்கையில் பட்டை சுற்றி அளக்கும் பேட்டரி பிபி மெஷின் ஒன்றை ஆன்லைனில் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். குறையும் சொல்லப் போவதால் கம்பெனி பேர் வேண்டாம். இந்த விலையில் கிடைக்கிற மெஷின்கள் பெரும்பாலும் இதே மாதிரிதான்.

முதலில் நல்லது. எண்கள் பெரிதாக இருக்கின்றன, கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது. மெஷினை டாக்டரிடமே தூக்கிக்கொண்டு போய், அவர் அளந்த அதே கையில் இதிலும் அளந்தேன். மேல் எண்ணில் நாலைந்து வித்தியாசம் வந்தது. வீட்டு உபயோகத்துக்கு அது போதும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பில் ரத்தம் பாயும் சத்தத்தைக் கேட்டுச் சொல்கிறார். 1905-ல் கொரோட்கோவ் என்ற ரஷ்ய டாக்டர் சொன்ன முறை அது. இந்த மெஷினுக்குக் காது கிடையாது. பட்டைக்குள் காற்று இறங்கும்போது நாடி அடிக்கிற அதிர்வைப் பிடித்து, அதிலிருந்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அதனால்தான் அளக்கும்போது பேசினாலோ கையை அசைத்தாலோ குழம்பிவிடுகிறது.

அடுத்தது பட்டை. பெட்டியில் ‘எல்லோருக்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்தான். உள்ளே இருந்ததோ 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுக் கைக்கானது. என் கை 34. சின்னப் பட்டையைப் பெரிய கையில் இழுத்துக் கட்டினால் பிரஷர் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டைக்குத் தனிக் காசு அழ வேண்டியிருந்தது. விற்றவரிடம் கேட்டதற்கு, “அதெல்லாம் அட்ஜஸ்ட் ஆகும் சார்” என்று பதில் வந்தது. என்னத்தைச் சொல்ல!

இனி அந்தக் கலர் கோடு. திரையின் ஓரத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு பட்டி ஓடுகிறது. பச்சையில் நின்றால் நார்மலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே நார்மல் கிடையாது. பக்கத்து வீட்டுத் தம்பி போலீஸ் செலக்‌ஷனுக்காகத் தினமும் விடியற்காலையில் ஓடுகிறவன். உட்கார்ந்து அளந்தால் நாடி 50-தான். “சித்தப்பா, எனக்கு ஹார்ட் வீக்கா?” என்று முகம் வெளுத்துக் கேட்டான். ஓடிப் பழகிய இதயம் ஒரே அடியில் நிறைய ரத்தத்தைத் தள்ளும். அதற்கு 50 போதும். என் வீட்டுக்காரிக்குப் பல வருஷமாகவே மேல் எண் 100-ஐ ஒட்டித்தான் நிற்கும். தலைசுற்றல் இல்லை, மயக்கம் இல்லை, நாள் முழுக்க வேலை பார்க்கிறாள். அவளுக்கு அதுதான் நார்மல். அவளுக்குத் திடீரென்று 135 வந்தால் கோடு என்ன சொன்னாலும் நான் யோசிப்பேன்.

நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. மாட்டுக்கு 101.5 டிகிரி சூடு நார்மல், அதுவே நமக்கு என்றால் காய்ச்சல். கோழிக்கு 106, 107. ஒட்டகச்சிவிங்கிக்கு நம்மைப் போல இரண்டு மடங்கு பிரஷர். அவ்வளவு உயரத்தில் இருக்கிற தலைக்கு ரத்தம் ஏற வேண்டுமே! மாட்டின் வாலடியில் விரலை வைத்து நாடி பார்த்த கையோடு, அசை போடுகிறதா, மூக்கு ஈரமாக இருக்கிறதா, நேற்று எவ்வளவு பால் கறந்தது என்று விசாரிப்போம். ஒற்றை எண்ணை வைத்து எந்த மாட்டுக்கும் ஊசி போட்டதில்லை.

உடம்பு ஒரே எண்ணில் ஆணி அடித்தது போல நிற்பதில்லை. தூங்கும்போது பிரஷர் பத்து முதல் இருபது சதவீதம் வரை இறங்கும், விடிந்ததும் ஏறும், மாடிப்படி ஏறினால் இன்னும் ஏறும், உட்கார்ந்தால் திரும்பி வரும். அப்படித் திரும்பி வருவதுதான் ஆரோக்கியம். எல்லைக் கோடு வரைகிறவர்களும் மனிதர்கள்தான். அமெரிக்காவில் 2017-ல் உயர் ரத்த அழுத்தத்துக்கான எல்லையை 140/90-லிருந்து 130/80-க்கு இறக்கினார்கள். முதல் நாள் வரை பிபி இல்லாதவர்களாக இருந்த ஏகப்பட்ட பேர், உடம்பில் எதுவும் மாறாமலே மறுநாள் பிபிக்காரர்கள் ஆனார்கள். அதற்காகக் கோடே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கூடுதல் பிரஷர் வலி காட்டாமல் சிறுநீரகத்தையும் கண்ணையும் கெடுக்கும். வீட்டில் அமைதியாக அளந்தும் பல நாள் சராசரி 135/85-ஐத் தாண்டினால் டாக்டரிடம் போக வேண்டியதுதான். “எனக்கு இதுதான் நார்மல்” என்ற கதை அங்கே செல்லாது.

அளக்கிற முறையும் முக்கியம். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, கையை மேஜை மேல் நெஞ்சு மட்டத்துக்கு வைக்க வேண்டும். கையைத் தொங்கப் போட்டால் கூடுதலாகக் காட்டும். காபி குடித்த கையோடு அளக்காதீர்கள். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை எடுத்துச் சராசரியைக் குறித்து வையுங்கள். மெஷினிலேயே பழைய அளவுகள் சேமிப்பாகின்றன. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். டாக்டரும் அந்த வரிசையைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். வாங்குவதற்கு முன் டெய்லர் டேப்பால் மேல்கையை அளந்துகொள்ளுங்கள். நாலு பேட்டரி கூடவே வருகிறது, அடாப்டர் தனி.