காகத்துக்கு ஏற்ற தீவனத் தட்டு: கூரை இல்லாததை வாங்குங்கள்

பால்கனிக் கம்பியில் கிளாம்ப் போட்டு முடுக்குகிற அகலமான உலோகத் தட்டு இது. பெட்டியில் இருப்பது சின்னக் குருவிகளின் படம்தான், ஆனால் நான் வாங்கியது காகங்களுக்காக, அதனால் அவற்றுக்கு இது எப்படி என்று மட்டும் சொல்கிறேன். தாராளமாக வாங்கலாம், ஆனால் கூரை வைத்த மாடல் வேண்டாம், கேமரா வைத்ததும் வேண்டாம்.

தொங்கவிடுகிற தீவனப் பெட்டிகளில் காகம் வந்து உட்கார்ந்தால் பெட்டி ஆடும், ஆடுகிற இடத்தை அது நம்பாது. இந்தத் தட்டு அசைவதே இல்லை, விளிம்பை உருட்டி மடித்திருப்பதால் கால் நகங்களுக்கு நல்ல பிடிப்பும் கிடைக்கிறது. மேலே திறந்திருப்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம், ஏனென்றால் காகம் இறங்கும் முன்பே சுற்றிலும் பார்த்துக்கொள்ளும், சட்டென்று பறக்க வழியில்லாத இடத்துக்குள் தலையை நீட்டவே நீட்டாது.

“மாட்டியதும் பறவைகள் வரும்” என்று பெட்டியில் போட்டிருப்பதைக் காகத்தின் விஷயத்தில் நம்ப வேண்டாம். புதுப் பொருள் என்றாலே அதற்குப் பயம். பக்கத்து மரத்தில் உட்கார்ந்து நாள்கணக்கில் தட்டை நோட்டம் விடும், அப்புறம் துணிச்சலான ஒன்று பக்கவாட்டில் தத்தித் தத்தி வந்து ஒரு கடலையைக் கவ்விக்கொண்டு ஓடும், அது பத்திரமாகத் திரும்புவதை மற்றவை பார்த்துக்கொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் தட்டை இடம் மாற்றாதீர்கள், தினமும் அதே நேரத்தில் வையுங்கள், வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், முறைத்துப் பார்க்காதீர்கள். கேமரா மாடலை நான் வேண்டாம் என்பதும் இதனால்தான். அந்த லென்ஸ் காகத்தின் முகத்துக்கு நேராகவே இருக்கிறது.

ஒளிந்துகொள்ளவும் வேண்டாம், காகம் உங்கள் முகத்தைப் பார்க்கட்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006-இல் ஒரு குகைமனித முகமூடியைப் போட்டுக்கொண்டு சில காகங்களைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டார்கள். பல வருடம் கழித்தும் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தின, பிடிபடாத காகங்களும் சேர்ந்து கத்தின. கெட்ட முகத்தையே இப்படி நினைவில் வைத்துக்கொள்கிற பறவை, சோறு வைக்கிற முகத்தை மறந்துவிடுமா? தட்டு இறங்க ஒரு இடம் தருகிறது, அவ்வளவுதான், பழக்கம் உண்டாவது உங்களோடு.

உப்புச் சேர்க்காத வேர்க்கடலையைத் தோலோடு வையுங்கள், அவித்த முட்டையும் நன்றாகப் போகும். தட்டு ஆழமாக இருப்பதால் கடலை உருண்டு கீழே விழுவதில்லை. ஒரே காகம் தொண்டைப் பையில் அடக்க முடிந்த அளவு அடக்கிக்கொண்டு போனால் பேராசை என்று நினைத்து விரட்டாதீர்கள், பெரும்பாலும் அது எங்கேயாவது ஒளித்து வைக்கத்தான் போகிறது, இலையாலோ மண்ணாலோ மூடிவிட்டு வருவதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை.

குறைகளும் உண்டு. கூடவே தருகிற தண்ணீர்க் கிண்ணம் காகத்துக்குப் போதாது. உலர்ந்த எதையும் நனைத்துத் தின்னும் பழக்கம் அதற்கு, கிண்ணம் உடனே கலங்கிவிடும், கனமான பீங்கான் பாத்திரம் ஒன்றைத் தனியாக வைத்துவிடுங்கள். தட்டில் வடிகால் துளை கிடையாது, மழை பெய்தால் மிச்சம் மீதி ஊறி நாறும், அழுக்குத் தட்டிலிருந்து பறவைகளுக்கு நோய் பரவும் என்பதால் இது சின்னக் குறை இல்லை. நல்லவேளையாகத் தட்டு தனியே கழன்று வருகிறது, வெந்நீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைக்கலாம். அடியில் நாலைந்து துளை போட்டே விற்றிருக்கலாம், அடுத்த தயாரிப்பிலாவது செய்யட்டும்.

தட்டை மாட்டும் முன் பக்கத்தில் காகக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சு வெளியே வரும் காலத்தில் தாயும் தகப்பனும் தலையைக் குறிவைத்துப் பாயும், கூட்டை ஒட்டி மாட்டினால் நீங்கள் தினமும் அந்த எல்லைக்குள் போய் நிற்க வேண்டியிருக்கும், எனவே தள்ளியிருக்கிற கம்பியாகப் பார்த்து மாட்டுங்கள்.