முதல் யுகுலேலே வாங்குமுன் எஃப் கார்டை அழுத்திப் பாருங்கள்

என் முதல் யுகுலேலே, அதாவது நாலு நரம்புக் குட்டிக் கிட்டார், ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் வந்தது. பை, தோளில் மாட்ட ஸ்ட்ராப், சுருதி காட்டும் ட்யூனர், நரம்பைத் தட்ட நாலு பிக், கூடுதலாக ஒரு செட் நரம்பு, துடைக்கத் துணி, கார்ட் புத்தகம் என்று பெட்டி நிறையச் சாமான். வாத்தியத்தை எடுத்துச் சுருதி சேர்த்தேன். சி கார்ட் பிடித்தேன் (சில ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பதுதான் கார்ட்). ஒரே விரல்தான், அருமையாகக் கேட்டது. அடுத்து எஃப். காது கூசியது. ஏதோ ஒரு நரம்பு மட்டும் மற்றவற்றோடு சேராமல் தனியாகக் கத்தியது. காது சரியில்லை, விரல் சரியில்லை என்று மூன்று வாரம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் ட்யூனரை மாட்டிக்கொண்டு ஈ நரம்பை மட்டும் மீட்டினேன். முள் நட்டநடுவில் நின்றது. அதே நரம்பை முதல் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே வரும் மேடுகளில் முதலாவது) அழுத்தி மீட்டினால் எஃப் காட்ட வேண்டும். முள் எஃப்பைத் தாண்டி வலது பக்கம் வெகுதூரம் போய் நின்றது. கழுத்தின் மேல்முனையில், முறுக்காணிகளுக்குச் சற்றுக் கீழே, நரம்புகள் உட்கார்ந்து வரும் சின்னத் துண்டை நட் என்பார்கள். அதன் பள்ளங்களைப் போதுமான ஆழத்துக்கு யாரும் அராவவே இல்லை. நரம்பு உயரத்தில் நின்றது. அழுத்தும்போது இழுபட்டுச் சுருதி ஏறியது. சி கார்டில் இது தெரியாததற்குக் காரணம், அங்கே விரல் மூன்றாம் ஃபிரெட்டில் இருக்கிறது. நட்டுக்கு நெருங்க நெருங்கத்தான் குட்டு வெளிப்படும்.

அதனால் விலை குறைந்த யுகுலேலேகளை ஒப்பிடும்போது மரம், நிறம், பிராண்ட் எல்லாவற்றுக்கும் முன்னால் நட் பள்ளத்தின் இந்த அரை மில்லிமீட்டரைத்தான் பார்க்கிறேன். கையில் எடுத்ததும் ஒரு நரம்பை மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கும் நரம்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு இருந்தால் போதும். தடித்த அட்டை நுழைந்தால் எஃப் கார்ட் அழும். அடுத்தது பன்னிரண்டாம் ஃபிரெட். அங்கே அழுத்தி மீட்டினால், திறந்த நரம்பின் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே வர வேண்டும். துளி விலகல் பரவாயில்லை. ட்யூனர் பக்கத்து ஸ்வரத்தை நோக்கி நகர்ந்தால் அந்த வாத்தியத்தைக் கீழே வைத்துவிடலாம். அங்கே நரம்பின் உயரம் இரண்டரையிலிருந்து மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் விரல் வலிக்காது. நேரில் பார்க்க வழியில்லாமல் இணையத்தில் வாங்குபவர்கள், அனுப்புமுன் நட்டையும், கீழ்முனையில் நரம்பு கட்டும் பிரிட்ஜையும் சரிபார்த்துத் தருவார்களா என்று கேட்டு வாங்குவது நல்லது. அந்தச் சேவைக்குக் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம் என்பேன்.

சொப்ரானோவா, கான்செர்ட்டா?

யுகுலேலேயின் மூலம் சின்னதுதான். 1879-ல் மடேய்ராத் தீவிலிருந்து ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஹவாய்க்கு வந்த போர்த்துக்கீசியர்கள் ‘மஷேட்’ என்ற குட்டி நரம்பு வாத்தியத்தைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் இருந்த மரவேலைக்காரர்கள் அங்கே கிடைத்த கோவா (koa) என்ற மரத்தில் அதைச் செய்யத் தொடங்க, அது யுகுலேலே ஆனது. இன்று சொப்ரானோ எனப்படும் 53 செ.மீ. அளவுதான் அந்தப் பழைய உருவம். கான்செர்ட் 58, டெனர் 66, பாரிடோன் 76 செ.மீ. அளவில் வரும்.

பாரிடோனை இப்போதே ஒதுக்கிவிடலாம். அதன் சுருதியே வேறு. கிட்டாரின் கடைசி நாலு நரம்பு போல டி, ஜி, பி, ஈ. யுகுலேலே பாடம் எதைத் திறந்தாலும் ஜி, சி, ஈ, ஏ என்றுதான் ஆரம்பிக்கும். கர்நாடக இசைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இதை இப்படிச் சொல்லலாம்: ஒரு கட்டை சுருதி வைத்துக்கொண்டால் நாலு நரம்பும் ப, ச, க, த. மோகனத்தில் ரி மட்டும் இல்லை. வெறுமனே விரலை இழுத்தாலே காதுக்கு இதமாக இருப்பது இதனால்தான். இந்த வரிசையில் முதலில் வரும் ‘ப’ கிட்டார் போலக் கீழே போகாமல், ச, க இரண்டுக்கும் மேலே நிற்கும். அந்தத் துள்ளல்தான் யுகுலேலேயின் குரல்.

சரி, சொப்ரானோவுக்கும் கான்செர்ட்டுக்கும் வருவோம். டி கார்ட் பிடிக்க மூன்று விரல்களை ஒரே ஃபிரெட்டில், இரண்டாவதில், வரிசையாக நெருக்கி நிறுத்த வேண்டும். சொப்ரானோவில் அந்தக் கட்டத்தின் அகலம் சுமார் 18 மில்லிமீட்டர். கான்செர்ட்டில் 20. இரண்டு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். பெரிய விரல்காரர்களை சொப்ரானோவில் டி பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். நடுவிரல் போக இடமில்லாமல் பக்கத்து நரம்பின் மேல் ஏறி உட்காரும். கான்செர்ட்டில் அதே ஆள் ஒரு வாரத்தில் பிடித்துவிடுவார்.

சொப்ரானோவுக்கு என்று ஒரு நியாயமும் உண்டு. நரம்பு குட்டை என்பதால் இழுவிசை குறைவு, விரல்நுனிக்கு மென்மை. குழந்தைக் கைக்கு அதுதான் சரி. ஒலியும் ‘டக்’ என்று வந்து ‘டக்’ என்று அடங்கும். தாளம் தட்டிப் பாடுபவர்களுக்கு அது பிடிக்கும். ஆனால் குட்டை நரம்பில் நான் சொன்ன நட் கோளாறு இன்னும் மோசமாகக் கேட்கும். மலிவான சொப்ரானோவும் மலிவான கான்செர்ட்டும் ஒரே விலையில் கிடைத்தால், பெரியவர்களுக்கு நான் கான்செர்ட்டைத்தான் கையில் கொடுப்பேன். டெனர் நல்ல வாத்தியம், ஆனால் அதே விலையில் டெனர் என்றால் பெரிய உடம்புக்குள் மலிவான வேலைதான் கிடைக்கும். தனி நரம்பு வாசிப்பில் ஆசை வந்த பிறகு அதற்குப் போகலாம்.

மரமா, பிளாஸ்டிக்கா?

பிளாஸ்டிக் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. நானும் சுளித்தவன்தான். ஃப்ளைட் டியுஎஸ் 35 என்ற சொப்ரானோவை வாசித்துப் பார்த்ததும் சுளிப்பு போயிற்று. முதுகும் பக்கமும் பிளாஸ்டிக், மேல்தகடு மட்டும் மரம். ஃபிரெட்டுகள் தனித்தனியாக அடித்து இறக்கப்படவில்லை. விரல்பலகையோடு அச்சில் வார்த்தவை. அச்சு ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால், வெளியே வருவது எல்லாமே சரியான இடத்தில் ஃபிரெட்டோடு வரும். மலிவு விலையில் சுருதி சுத்தம் வேண்டுமென்றால் இது பெரிய லாபம். ஒரே எச்சரிக்கை, உலோகக் கம்பி சுற்றிய நரம்பைப் போடக் கூடாது. பிளாஸ்டிக் ஃபிரெட் தேய்ந்துவிடும். நைலான் வகை நரம்புக்கு அந்தக் கவலை இல்லை.

காலா வாட்டர்மேன் முழுக்கவே பிளாஸ்டிக். நீச்சல்குளம், மழை, மண் எதுவும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் குரல் மெலிந்து, கொஞ்சம் பொம்மைத்தனமாக இருக்கும் என்பது என் எண்ணம். என்யா நோவா யு கான்செர்ட் அளவு. கார்பன் இழை கலந்த பாலிகார்பனேட்டில் வார்த்தது. குரல் பளிச்சென்று, நீண்டு ஒலிக்கும். மரத்தின் கதகதப்பு அதில் இல்லை. அதற்குப் பதிலாகக் கார் டிக்கியில் மறந்துவிட்டு வந்தாலும் மனம் பதறாத நிம்மதி இருக்கிறது.

மரப் பக்கம் வந்தால், இந்த விலையில் கிடைப்பது லேமினேட். மெல்லிய மரத் தகடுகளை ரேகை குறுக்கும் நெடுக்குமாக வரும்படி ஒட்டிய பலகை. ‘பிளைவுட்தானே’ என்று கேலி பேசுவார்கள். ஆனால் ஆரம்பநிலைக்கு அந்தப் பிளைவுட்தான் நண்பன். ஒரே துண்டு மரத்தில் செய்த வாத்தியத்துக்குக் காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வறண்டால் வெடிக்கும், ஈரம் கூடினால் உப்பும். லேமினேட் இதையெல்லாம் பெரிதாகக் கண்டுகொள்ளாது. காலா கேஏ 15 எஸ், ஓஹானா எஸ்கே 10 இரண்டும் மஹோகனி லேமினேட் சொப்ரானோக்கள். கார்டோபா 15 சிஎம் அதே மரத்தில் கான்செர்ட். இந்த மூன்றுக்கும் நடுவில் குரல் வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல என்னால் முடியாது. எது கைக்குச் சுகமாக உட்காருகிறது, எதன் நட் சரியாக இருக்கிறது என்று பார்த்து எடுக்கலாம். அதே மாடலிலேயே ஒன்று நன்றாகவும் இன்னொன்று சுமாராகவும் இருக்கும்.

இன்னும் கீழே இறங்கினால் காலாவின் மலிவு வரிசையான மகாலா டால்ஃபின் இருக்கிறது. நரம்பு கட்டும் பிரிட்ஜ் டால்ஃபின் வடிவத்தில் இருக்கும், கலர் கலராகக் கிடைக்கும். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் டால்ஃபினைப் பார்த்தே எடுத்து வைத்துக்கொள்ளும். கூடவே நல்ல நரம்பு மாற்றிக் கொடுத்தால் போதும். அதற்கும் கீழே, பெயர் தெரியாத, பூப்படம் போட்ட யுகுலேலேகளை வாத்தியக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன்.

பெட்டி நிறையச் சாமானா, வாத்தியம் மட்டுமா?

என் முதல் பெட்டிக்குத் திரும்புகிறேன். அதில் இருந்த ஏழு சாமானில் ஆறு மாதத்துக்குப் பிறகும் கையில் இருந்தவை இரண்டு: பையும் ட்யூனரும். பிக் கிட்டாருக்கானது; கெட்டிப் பிளாஸ்டிக்கை நைலான் நரம்பில் தட்டினால் நகம் கீறுவது போல ஒரு சத்தம் வரும். யுகுலேலேவுக்கு ஆள்காட்டி விரல் நகமும் கட்டைவிரல் சதையும் போதும். ஸ்ட்ராப் மாட்ட வாத்தியத்தில் பொத்தானே இல்லை. ஒலித்துளையில் கொக்கி போட்டுத் தொங்கவிடும் வகை அது, கையை விட்டால் வாத்தியம் குப்புறச் சாயும். கூடுதல் நரம்பு செட், ஏற்கெனவே மாட்டியிருந்த மட்ட நரம்பின் இரட்டைப் பிறவி. இத்தனைக்கும் சேர்த்துத்தான் விலை. அந்தப் பணம் வாத்தியத்தில் போயிருந்தால் யாராவது ஒருவர் நட்டை அராவியிருப்பார்.

ஒரே விலையில் பெட்டியும் தனி வாத்தியமும் எதிரெதிரே இருந்தால் தனி வாத்தியத்தையே எடுங்கள். நோவா யு போல நல்ல வாத்தியத்தோடு பையும் ஸ்ட்ராப்பும் சேர்ந்து வந்தால் அது வேறு கதை.

தனியாக வாங்க வேண்டியது முதலில் ட்யூனர். கைபேசிச் செயலி இலவசம், வீட்டில் தனியாக இருந்தால் போதும். ஆனால் அது மைக்கில் கேட்கிறது. பக்கத்தில் மிக்ஸி ஓடினாலோ நாலு பேர் சேர்ந்து சுருதி சேர்த்தாலோ குழம்பிவிடும். தலைப்பகுதியில் கவ்வும் கிளிப் ட்யூனர் மரத்தின் அதிர்வை நேராக உணர்வதால் அந்தத் தொல்லை இல்லை. இதில் ஒரு பொறி உண்டு. பல ட்யூனர்கள் ஸ்வரத்தின் பெயரை மட்டும் சொல்லும், எந்த ஸ்தாயி என்று சொல்லாது. ஜி வரவில்லையே என்று முறுக்கிக்கொண்டே போய் நரம்பை அறுத்தவர்கள் நிறைய. நரம்பு விறைத்துக் கல் போல ஆனால் நிறுத்திவிடுங்கள், நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

அடுத்தது நரம்பு. இரண்டு கட்சி. இத்தாலியின் அக்விலா நிறுவனத்தின் நைல்கட், பழைய காலத்துக் குடல் நரம்பின் குணத்தைச் செயற்கையாகக் கொண்டுவந்தது. வெண்மையாக, சற்றுத் தடிப்பாக, உரத்து ஒலிக்கும். எதிர்க்கட்சி ஃபுளோரோகார்பன்; அடர்த்தி கூடுதல் என்பதால் மெல்லிசாக, கண்ணாடி போலத் தெளிவாக, நீண்டு ஒலிக்கும். தூண்டில் கயிறு செய்யும் அதே பொருள்தான். மந்தமான குரல் கொண்ட மலிவு வாத்தியத்துக்கு நைல்கட் உயிர் கொடுக்கும். ஏற்கெனவே கீச்சென்று கத்தும் பிளாஸ்டிக் உடம்புக்கு ஃபுளோரோகார்பன் போட்டால் இன்னும் கீச்சிடுமோ என்று பயந்தேன்; போட்டுப் பார்த்தபோது கீச்சு குறைந்து தெளிவு கூடியது. ஆக இதில் என் கணிப்பை நம்பாமல் இரண்டையும் மாட்டிப் பாருங்கள்.

எந்த நரம்பானாலும் முதல் வாரம் சுருதி நிற்காது. காலையில் சேர்த்தது மத்தியானத்தில் இறங்கிக் கிடக்கும். நரம்பு நீண்டு கொடுக்கிறது, அவ்வளவுதான். இதை வாத்தியத்தின் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். பத்து நாள் பொறுத்தும் இறங்கினால், அப்போது முறுக்காணியைச் சந்தேகப்படுங்கள். பல்சக்கரம் வைத்த முறுக்காணி என்றால் பின்னால் உள்ள திருகை லேசாக இறுக்கினால் தீரும். வீணையின் பிரடை போல வெறும் உராய்வில் நிற்கும் வகையை மலிவு வாத்தியத்தில் வாங்காதீர்கள். துளி அசைத்தால் அரை ஸ்வரம் போய்விடும்.

பை, உள்ளே கொஞ்சமாவது பஞ்சு வைத்ததாக இருக்கட்டும். எல்லா நரம்பையும் சேர்த்து அழுத்தும் கவ்வியான கேப்போ இப்போது வேண்டாம். ஈரப்பதம் காக்கும் குழாய் லேமினேட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் வீண். ஸ்ட்ராப் வேண்டுமென்றால் வாத்தியத்தின் அடியில் ஒரு பொத்தான் பதிக்கச் சொல்லுங்கள். லேமினேட்டில் அது பத்து நிமிட வேலை.