ஜப்பான் பழசு போட்டோகொப்பி மெசின்: ஒரு வருசம் பாவித்த பிறகு

புதுக்குடியிருப்பில் சின்னக் கொமினிக்கேசன் ஒன்று நடத்துகிறேன். போட்டோகொப்பி, ரைப்பிங், ரீலோட், லமினேற்றிங் எல்லாம் உண்டு. ஆனால் இப்போது கூட ஓடுகிறது ஸ்கான் தான். "பிள்ளை, இதை ஒருக்கா கனடாவுக்கு அனுப்பிவிடு" என்று பிறப்புப் பத்திரம், மரணப் பத்திரம், காணி உறுதி, பெர்மிற் எல்லாவற்றையும் ஒரு ஷொப்பிங் பைக்குள் போட்டுக்கொண்டு வருவார்கள். முந்தி ஏ4 பிரிண்டரின் மூடியைத் திறந்து ஒவ்வொரு பக்கமாக வைத்து எடுத்தேன். உறுதி எழுதுவது நீளத் தாளில். ஏ4 கண்ணாடியில் வைத்தால் அடிப்பக்கம் வெட்டுப்படும். நொத்தாரிசின் கையெழுத்தும் முத்திரையும் இருப்பதே அங்கேதான்.

அதற்காகத்தான் போன வருசம் வவுனியாவில் ஒரு கடையில், ஜப்பானில் இருந்து வந்த றீகண்டிசன் ஏ3 மெசின் எடுத்தேன். விலை 285,000 ரூபா. 250,000 கையில் கொடுத்து, மிச்சத்துக்கு இரண்டு தவணை. கடையின் பெயரையும் மெசினின் பெயரையும் இதில் தேடாதீர்கள். மெசின் விற்ற கடைப் பொடியன் கெட்டவன் இல்லை, தெரியாதவன். இரண்டும் வேறு.

கொப்பி எடுப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலபோக மானியக் காலத்தில் கமக்காரர் சங்கத்து ஆட்கள் வாசல் வரை நிற்பார்கள். மெசின் மூச்சு வாங்கியதில்லை. ஸ்கானில் மட்டும் சில நாள் மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு கறுப்புக் கோடு விழும். பயப்பட வேண்டாம். தாளை இழுத்து எடுக்கும்போது தாள்தான் ஓடுகிறது, கண் ஒரு இடத்தில் நிற்கிறது. பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் விரல் அகலத்தில் ஒரு ஒடுக்கக் கண்ணாடி இருக்கும். அதில் எங்கட றோட்டுத் தூசு ஒரு பொட்டு ஒட்டினால் பக்கம் முழுக்கக் கோடாக வரும். ஈரத் துணியால் துடைத்தால் போச்சு. பெரிய கண்ணாடியை மினுக்கி மினுக்கி நான் கழித்த ஒரு கிழமையை யாரும் கழிக்க வேண்டாம்.

இனி ஈமெயில்.

மெசினிலேயே ஸ்கான் பண்ணி, அங்கேயே விலாசத்தை அடித்து அனுப்பலாம் என்றுதான் வாங்கியதே. பூட்டிய அன்று பொடியன் ஏதேதோ அடித்தான், வேலை செய்தது, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். ஐப்பசி இடியில் என் பழைய ரவுட்டர் எரிந்தது. பின்னேரம் முழங்கத் தொடங்கினால் வயரைக் கழற்றி வைப்பது வழக்கம்; அன்று நான் முள்ளியவளையில் ஒரு செத்தவீட்டில். அடுத்த நாளே சிம் போடுகிற 4ஜி ரவுட்டர் ஒன்று வாங்கி, மெசினின் வயரை அதில் குத்தினேன். கொப்பி வந்தது. கொம்பியூட்டரில் இருந்து பிரிண்ட் வந்தது. ஈமெயில் மட்டும் போகவில்லை.

பொடியனுக்குப் போன் எடுத்தேன். "லைன் ஸ்லோ அக்கா, அங்கால சிக்னல் குறைவு" என்றான். அதே லைனில் என் மருமகள் பக்கத்தில் இருந்து படம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு கிழமை இப்படியே போனது. பென் டிரைவில் எடுத்து, கொம்பியூட்டரில் குத்தி, அங்கிருந்து அனுப்பிச் சமாளித்தேன்.

கடைசியில் மருமகள்தான் திரையில் வந்த இங்கிலீசை முழுக்க வாசித்தாள். உயர்தரம் தொழில்நுட்பப் பிரிவு படிக்கிறாள். "மாமி, பாஸ்வேர்ட் பிழை எண்டு இது சொல்லேல்ல. சேர்வரையே காணேல்ல எண்டு சொல்லுது." செற்றிங்ஸ் தாளைப் பிரிண்ட் எடுத்தாள். மெசினின் நெற்வேர்க் விலாசம் 192.168.1.50, வெளியே போகிற வாசல் (கேற்வே) 192.168.1.1 என்று பழைய ரவுட்டரின் கணக்கிலேயே பூட்டியிருந்தது. புது ரவுட்டரின் விலாசம் 192.168.8.1. வீட்டுக்காரர் குடிபெயர்ந்து போன பிறகும் பழைய படலையில் நின்று கூப்பிட்ட மாதிரி. பிரிண்டுக்கு யூஎஸ்பி வயர் நேராகப் போவதால் அதில் ஒன்றும் தெரியவில்லை. 192.168.8.50 என்று மாற்றினோம். வாசலையும், பெயரைக் கொடுத்தால் விலாசம் தேடித் தருகிற டிஎன்எஸ்ஸையும் மாற்றினோம். இந்த டிஎன்எஸ்ஸை வெறுமையாக விட்டால் ஜிமெயில் என்ற பெயரை வைத்து மெசினால் ஆளைத் தேட முடியாது.

அந்தச் செற்றிங்ஸை மாற்றும்போதுதான் எனக்கு வயிறு எரிந்தது. அனுப்புகிறவர் என்ற இடத்தில் இருந்தது அந்தக் கடையின் ஜிமெயில்! ஜிமெயில் வழியாக மெசின் அனுப்பினால் ஒவ்வொன்றின் பிரதியும் அந்தக் கணக்கின் 'அனுப்பியவை' பெட்டிக்குள் கிடக்கும். இந்த ஊர்ச் சனத்தின் உறுதி, அடையாள அட்டை, காணாமல் போன பிள்ளைக்காகத் தாய்மார் கொடுத்த கடிதங்கள் எல்லாம் வவுனியாவில் யாரோ ஒருவனின் பெட்டியில். இடம்பெயர்ந்த நேரம் உயிரை விட்டாலும் விடாமல் மடியில் கட்டிக்கொண்டு வந்த பேப்பர்கள் அவை. இரண்டாவது தவணையை நிற்பாட்டினேன்.

உடனே என் கடை ஜிமெயிலை அடித்தோம். இப்போது வேறு பிழை: பாஸ்வேர்ட் ஏற்கவில்லை. சரியான பாஸ்வேர்ட்தான், மூன்று தரம் பார்த்து அடித்தேன். விசயம் என்னவென்றால், சாதாரணக் கணக்குகளுக்கு வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இப்படியான மெசின்கள் உள்ளே வருவதை கூகிள் 2022 மே 30 உடன் நிறுத்திவிட்டது. முதலில் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட வேண்டும். பிறகு 'ஆப் பாஸ்வேர்ட்' என்று 16 எழுத்து தரும். மெசினில் அடிக்க வேண்டியது அதைத்தான். நந்நான்கு எழுத்தாக இடைவெளி விட்டுக் காட்டும். அடிக்கும்போது இடைவெளி வேண்டாம். சேர்வரின் கதவு இலக்கமான போர்ட் 587 என்றால், மெயிலைப் பூட்டி அனுப்புகிற முறை ஸ்ரார்ட்ரீஎல்எஸ், 465 என்றால் எஸ்எஸ்எல். ஒன்றின் இலக்கத்தை மற்றதோடு போட்டால் சுத்திக்கொண்டே நிற்கும். அந்தச் சின்னத் திரையில் 16 எழுத்தை அடிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது.

போனது. பிரான்ஸில் இருக்கிற ஒரு அண்ணா பத்து நிமிசத்தில் "கிடைச்சுது" என்று பதில் போட்டார்.

தைப் பொங்கலுக்குப் பிறகு திரும்பவும் நின்றது. இந்த முறை நானே வாசித்தேன், பாஸ்வேர்ட் பிழை. யோசித்தால், அதற்கு முந்தின நாள் பயத்தில் ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றியிருந்தேன். அதை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டும் செத்துவிடும், புதிதாக எடுக்க வேண்டும்.

இன்னொன்று பைலின் பாரம். 40 பக்க வழக்குக் கட்டு ஒன்றைக் கலரில் 600 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தேன், போகவில்லை. ஜிமெயில் விடுவது 25 எம்பி. அதுவும் மெயிலில் ஏறும்போது இணைப்பு மூன்றில் ஒரு பங்கு ஊதும். ஆகவே 18 எம்பிக்குள் நின்றால்தான் நிம்மதி. இப்போது கடிதங்களுக்குக் கறுப்பு வெள்ளை 200, முத்திரை உள்ளதுக்குக் கலர் 300. மிஞ்சினால் இரண்டாகப் பிரித்து அனுப்புவேன்.

இதே மாதிரிப் பழசு எடுக்கப் போகிறவர்களுக்கு: காசு எண்ண முதல் கடையிலேயே உங்கள் சொந்த ஜிமெயிலை அடித்து உங்கள் போனுக்கு ஒரு பக்கம் அனுப்பச் சொல்லுங்கோ. மெயிலைப் பூட்டி அனுப்புகிற முறையான ரீஎல்எஸ்ஸில் 1.2 இருக்கிறதா என்றும் கேளுங்கோ. அதற்குக் குறைந்ததைப் பல மெயில் சேவைகள் இப்போது ஏற்பதில்லை, மெசின் எவ்வளவு திறமாக ஓடினாலும். கேள்வி விளங்காமல் விழித்தால் விலையில் குறைக்கச் சொல்லுங்கோ.

பொடியன் தவணைக் காசு வராததால் மாங்குளம் சுற்றி மோட்டார் சைக்கிளில் வந்தான். அவன் போனை வாங்கி, 'அனுப்பியவை' பெட்டியில் என் கடையில் இருந்து போன எல்லாவற்றையும் என் முன்னாலேயே அழிப்பித்தேன். குப்பைப் பெட்டியில் 30 நாள் கிடக்கும், அதையும் துடைப்பித்தேன். "வேணுமெண்டு செய்யேல்ல அக்கா, ரெஸ்ற் பண்ணத்தான் போட்டனான், மாத்த மறந்திட்டன்" என்றான். ஜப்பான் நேரத்தில் மூன்றரை மணித்தியாலம் முன்னுக்கு நின்ற மெசினின் கடிகாரத்தையும் அன்றுதான் சரிசெய்தான். காசைக் கொடுத்தேன்.

போகும்போது அந்த 16 எழுத்து எடுக்கிற வழியை மருமகளிடம் இன்னொருக்காச் சொல்லச் சொல்லி வீடியோ பிடித்துக்கொண்டு போனான். மல்லாவியிலும் ஒருவருக்கு இதே மெசின் கொடுத்திருக்கிறானாம்.